விதைநெல்லை விற்கலாமா? அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்களின் ‘பிக்’ பஞ்சாயத்து

2023 டிசம்பர் 31. புத்தாண்டுக்கு முந்தைய நாள். ஜாக்சன்வில் மைதானத்தில் கரோலினா பாந்தர்ஸ் அணி 26-0 என்ற கணக்கில் தோற்றது. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பொறுமை இழந்த அணியின் உரிமையாளர் டேவிட் டெப்பர், மேலே தனி அறையில் இருந்தபடி கீழே நின்ற ரசிகர்கள் மீது கையில் இருந்த பானத்தை வீசினார். லீக் அவருக்கு 3 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

அந்தத் தோல்வியால் லாபம் அடைந்தது ஜாக்சன்வில் மட்டுமல்ல. அன்றைக்கு வேறு எதிரணியோடு, வேறு ஊரில் விளையாடிய சிகாகோ பேர்ஸ் அணிக்கும் ஒரு பரிசு உறுதியானது. அடுத்த ஏப்ரலில் நாட்டின் கல்லூரி வீரர்கள் அத்தனை பேரிலும் முதல் ஆளாகத் தனக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளும் உரிமை அது. நியாயப்படி அந்த உரிமை, கடைசி இடத்துக்குப் போன கரோலினாவுக்குத்தான் வர வேண்டும். ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன்பே அதை சிகாகோவிடம் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தது சரியா, தப்பா? கரோலினா ரசிகர்கள் இன்றுவரை பேசி முடிக்காத பஞ்சாயத்து இது. கரோலினாவில் மட்டும்தான் இது நடக்கிறது என்றும் இல்லை. என்எஃப்எல் லீக்கில் உள்ள 32 அணிகளில், எதிர்கால பிக்கை விற்றதற்காக ரசிகர்கள் அடித்துக்கொள்ளாத அணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

‘பிக்’ என்றால் என்ன?

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஏலம் தெரியும். பணம் இருக்கிற அணி கையைத் தூக்கும், வீரர் அந்தப் பக்கம் போவார். அமெரிக்க ஃபுட்பாலில் (நம் ஊர் கால்பந்து அல்ல, ஹெல்மெட் போட்டு முட்டைவடிவப் பந்தோடு மோதும் ஆட்டம்) கல்லூரியை முடித்து வரும் வீரர்களுக்கு ஏலம் கிடையாது. அவர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது டிராஃப்ட். 1936 முதல் நடந்துவரும் ஏற்பாடு. போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்கு அந்தச் சுற்றின் கடைசி வாய்ப்பு. இப்படி ஏழு சுற்று. வரிசையில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் ‘பிக்’.

இந்த இடங்களை வாங்கலாம், விற்கலாம். இந்த ஆண்டின் பிக்கை மட்டுமல்ல, அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு பிக்குகளையும் கைமாற்றலாம். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இந்த ஆண்டு பிக் என்றால் அது எத்தனையாவது இடம் என்று தெரியும். அடுத்த ஆண்டு பிக் எந்த இடத்தில் விழும் என்பது, விற்ற அணி அடுத்த பருவத்தில் எப்படி ஆடப்போகிறது என்பதைப் பொறுத்தது. அதாவது, விலை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. தொகையை நிரப்பப்போவது உங்கள் தோல்விகள்.

பிக்குக்கு ஏன் இவ்வளவு மவுசு? காரணம் சம்பளம். என்எஃப்எல் அணிகள் வீரர்களுக்குச் செலவிடும் மொத்தப் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2023-ல் அது 22.48 கோடி டாலர். அந்த வரம்புக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை வைத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்டில் வரும் புது வீரரின் சம்பளமோ 2011 முதல் கிட்டத்தட்ட முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. நான்கு ஆண்டு ஒப்பந்தம், முதல் சுற்று வீரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் நீட்டிக்கலாம். 2024-ல் முதல் ஆளாகத் தேர்வான கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 3.9 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டு சின்சினாட்டி அணி தன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்குக் கொடுத்த புது ஒப்பந்தம், ஆண்டுக்கே 5.5 கோடி. ஆட்டத்தையே தன் கையால் நடத்தும் குவார்ட்டர்பேக், நல்லவராகவும் மலிவாகவும் கிடைத்தால் மிச்சப்படும் பணத்தில் அணியின் பாதியைக் கட்டிவிடலாம். பிக் என்பது வீரரை மட்டும் தருவதில்லை, மிச்சத்தையும் தருகிறது.

ஒரே டிராஃப்ட், இரண்டு காசோலை

கரோலினாவின் கதைக்கு முன்னால் ஒரு சின்ன முன்கதை உண்டு. 2022 பருவத்தின் கடைசி நாள், 2023 ஜனவரி 8. அன்று தோற்றிருந்தால் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்குத்தான் முதல் பிக். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நான்காவது முயற்சி, 20 கெஜம் போக வேண்டும். ஏறக்குறைய முடியாத காரியம். பந்தை நீளமாக எறிந்தார்கள், டச் டவுன் ஆகிவிட்டது. அதோடு கூடுதல் இரண்டு புள்ளியையும் எடுத்து 32-31 என்று ஜெயித்தார்கள். ஜெயித்ததால் முதல் பிக் கைநழுவி சிகாகோவுக்குப் போனது. அந்தப் பருவத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஹூஸ்டன் பயிற்சியாளர் லவி ஸ்மித், ஒரு காலத்தில் சிகாகோவின் பயிற்சியாளராக இருந்தவர். சிகாகோ ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிகாகோவிடம் அப்போது ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக் இருந்தார். அதனால் முதல் பிக்கை விற்க முன்வந்தார்கள். மார்ச் 10-ம் தேதி கரோலினா வாங்கியது. கொடுத்த விலை: 2023-ன் 9-வது பிக், 61-வது பிக், 2024 முதல் சுற்று பிக், 2025 இரண்டாம் சுற்று பிக். இவற்றோடு டிஜே மூர் என்ற ஆட்டக்காரர். கரோலினாவின் தலைசிறந்த பந்துபிடிப்பாளர் அவர். வாங்கிய முதல் இடத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள்.

அதே இரவில், இரண்டாம் இடத்தில் சி.ஜே. ஸ்ட்ரௌட் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்த ஹூஸ்டன், அடுத்த சில நிமிடங்களில் இன்னொரு காரியமும் செய்தது. அரிசோனாவிடம் இருந்த மூன்றாம் இடத்தை வாங்கி, வில் ஆண்டர்சன் என்ற தடுப்பாட்டக்காரரைத் தூக்கியது. அதற்குக் கொடுத்த விலையின் முக்கியமான பகுதி 12-வது பிக், 33-வது பிக், கூடவே 2024-ன் முதல் சுற்று பிக். குவார்ட்டர்பேக்கூட இல்லாத ஒரு ஆளுக்கு, முந்தைய பருவத்தில் மூன்றே மூன்று ஆட்டம் ஜெயித்த அணி, அடுத்த ஆண்டு முதல் சுற்றைத் தூக்கிக் கொடுக்கிறதே என்று பலரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரே டிராஃப்ட். இரண்டு அணிகள். இரண்டும் விற்றது ஒரே பொருளை: 2024 முதல் சுற்று பிக்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஸ்ட்ரௌட் அந்தப் பருவத்தின் சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் ஆனார். ஆண்டர்சன் சிறந்த அறிமுகத் தடுப்பு வீரர் ஆனார். ஹூஸ்டன் 10-7 என்று முடித்து, பிளேஆஃபில் ஒரு சுற்றும் ஜெயித்தது. அரிசோனாவுக்குப் போன பிக், 27-வது இடத்தில் விழுந்தது. கரோலினாவோ 2-15. பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக் 11 ஆட்டத்தோடு நீக்கப்பட்டார். சிகாகோவுக்குப் போன பிக், முதல் இடம்.

அணிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்குள் உருவாகி, அப்போதைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் அறியப்படுவது. அதன்படி 27-வது பிக்குக்கு 680 புள்ளி. முதல் பிக்குக்கு 3,000. கையெழுத்துப் போட்ட அன்று இரண்டு காசோலையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன.

தப்பு எங்கே?

“யங்குக்குப் பதிலா ஸ்ட்ரௌட்டை எடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது” என்பது பஞ்சாயத்தில் முதலில் எழும் குரல். பாதி உண்மை. ஆனால் இந்த வாதம், வாங்கிய ஆளைப் பற்றியது. விற்ற பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

எந்தக் கல்லூரி வீரர் தேறுவார் என்பதை முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்குப் பெயர்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. கேட் மேஸியும், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் செய்தது. ஒரு வீரர், அவர் ஆடும் அதே இடத்துக்கு அவருக்கு அடுத்ததாகத் தேர்வான வீரரைவிடச் சிறந்தவராக அமைவதற்கான வாய்ப்பு, காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ‘இந்த ஆண்டு இரண்டாம் சுற்று வேண்டுமா, அடுத்த ஆண்டு முதல் சுற்றைக் கொடு’ என்பது அணிகளுக்குள் எழுதாத சட்டமாகப் புழங்கியது. இதை வட்டியாகக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 100 சதவீதத்தையும் தாண்டுகிறது. நம்ம ஊரில் இதற்குப் பெயர் கந்துவட்டி.

எனவே யார் தேறுவார் என்பது முழுக்க அணியின் கையில் இல்லை. தன் நிலை என்ன என்பதைத் தெரிந்துகொள்வது ஓரளவுக்குக் கையில் இருக்கிறது. கரோலினா சறுக்கியது அங்கேதான். 2022-ல் 7-10 என்று முடித்த அணி அது. பருவத்தின் நடுவில், அக்டோபரில், தன் நட்சத்திர ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் பிரான்சிஸ்கோவுக்கு விற்றிருந்தது. மார்ச்சில் முதல் பிக்குக்காக டிஜே மூரையும் கொடுத்தது. அதாவது, 22 வயதைக்கூடத் தொடாத புதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, அவன் பந்தைக் கொடுப்பதற்கும் எறிவதற்கும் இருந்த இரண்டு பெரிய ஆட்களும் போய்விட்டார்கள். மூர் சிகாகோவுக்காக அந்தப் பருவத்தில் 1,364 கெஜம் குவித்தார்.

மூரைக் கொடுத்தது விலையின் ஒரு பகுதி மட்டுமல்ல. விலையை ஏற்றிவிட்ட காரியம் அது. அவர் போனதால் அணி இன்னும் பலவீனமானது. பலவீனமானதால் தோல்வி கூடியது. தோல்வி கூடியதால் கொடுத்த பிக்கின் மதிப்பு ஏறியது. வீட்டை அடமானம் வைத்துவிட்டு, கூரையையும் பிரித்துக் கொடுத்த கதை. யங் தேறியிருந்தாலும் இந்தக் கணக்கு தப்பான கணக்குதான். கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும், அவ்வளவே.

பருவத்தின் நடுவே, நவம்பர் 9-ம் தேதி, சிகாகோவும் கரோலினாவும் நேருக்கு நேர் மோதின. சிகாகோ 16-13 என்று ஜெயித்தது. ஒரே ஆட்டத்தில் சிகாகோவுக்கு இரண்டு வெற்றி: தன் கணக்கில் ஒன்று, தன் பையில் இருக்கும் கரோலினா பிக் இன்னும் மேலே ஏறியதில் ஒன்று. கரோலினா ரசிகனுக்கோ இரண்டு தோல்வி. மோசமான பருவத்தில் எந்த அணியின் ரசிகனுக்கும் ஒரு ஆறுதல் இருக்கும். ‘தோத்தா தோத்துட்டுப் போகட்டும், அடுத்த வருஷம் நல்ல பிக் வரும்’ என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எதிர்கால பிக்கை விற்கும் அணி, விற்கும்போதே அந்த ஆறுதலையும் சேர்த்து விற்றுவிடுகிறது. இது எந்த விலைப்பட்டியலிலும் வராது.

விற்று ஜெயித்தவர்கள்

சரி, எதிர்காலத்தை விற்பதே முட்டாள்தனமா? அப்படிச் சொல்ல வருபவர்களின் வாயை அடைக்க லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் இருக்கிறது.

2016-ல் முதல் இடத்துக்குத் தாவி ஜாரெட் கோஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்த ராம்ஸ், அதற்குப் பிறகு 2024 வரை முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் விற்றார்கள். 2019-ல் ஜேலன் ராம்ஸிக்காக இரண்டு முதல் சுற்று. 2021 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் மேத்யூ ஸ்டாஃபர்டுக்காக 2022, 2023 முதல் சுற்று பிக்குகள், 2021-ன் மூன்றாம் சுற்று, கூடவே கோஃப். அடுத்த பருவத்தின் முடிவில், 2022 பிப்ரவரி 13 அன்று, தங்கள் சொந்த மைதானத்திலேயே சின்சினாட்டியை 23-20 என்று தோற்கடித்து சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கினார்கள். வெற்றி ஊர்வலத்தில் பொது மேலாளர் லெஸ் ஸ்னீட் போட்டுவந்த டி-ஷர்ட்டில் பிக்குகளைப் பற்றி ஒரு வாசகம் இருந்தது. குடும்பத்தோடு படிக்கும் பக்கத்தில் அதை மொழிபெயர்க்க முடியாது. ‘பிக்காவது மண்ணாங்கட்டியாவது’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டி-ஷர்ட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. ராம்ஸ் எல்லா பிக்கையும் உதறவில்லை, முதல் சுற்றை மட்டும்தான். கீழ்ச் சுற்றுகளில் அவர்கள் தேடியெடுத்தது அபாரம். அந்த சூப்பர் பவுலின் ஆட்டநாயகன் கூப்பர் கப், மூன்றாம் சுற்றில் வந்தவர். பின்னால் வந்த பூக்கா நகுவா ஐந்தாம் சுற்று. இதைவிட முக்கியம்: ஸ்டாஃபர்டை வாங்கியபோது ராம்ஸ் ஏற்கெனவே 10-6 என்று முடித்து, பிளேஆஃபில் ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த அணி. ஆரோன் டொனால்ட் உச்சத்தில் இருந்தார். குறை ஒன்று மட்டும்தான், அதை அடைத்தார்கள். விற்ற பிக், வரிசையின் கடைசியில் விழும் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் இருந்தது. முதலாவது அப்படியே 32-வது இடத்தில் விழுந்தது.

இரண்டாவது விழவில்லை. கோப்பைக்கு அடுத்த பருவம் ராம்ஸ் 5-12 என்று சரிந்தது. டெட்ராய்ட்டுக்குப் போன பிக், 6-வது இடம். ஒரே பேரத்தில் கொடுத்த இரண்டு காசோலையில் ஒன்று சில்லறை, இன்னொன்று பெருந்தொகை.

டெட்ராய்ட் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. அந்த 6-வது பிக்கைக் கொடுத்து வாங்கிய இடங்களில்தான் ஜமீர் கிப்ஸும் சாம் லபோர்ட்டாவும் வந்தார்கள். ‘தலைவலி’ என்று ராம்ஸ் தள்ளிவிட்ட கோஃப், டெட்ராய்ட்டில் தலைநிமிர்ந்தார். 2024 ஜனவரியில் அதே ஸ்டாஃபர்ட், ராம்ஸ் சட்டையோடு டெட்ராய்ட்டுக்கு வந்து பிளேஆஃபில் ஆடினார். டெட்ராய்ட் 24-23 என்று ஜெயித்தது. அந்த ஊர் 32 ஆண்டுகளாகக் காத்திருந்த பிளேஆஃப் வெற்றி. ராம்ஸ் ரசிகனிடம் கேட்டால் கோப்பையைக் காட்டுவான். டெட்ராய்ட் ரசிகனிடம் கேட்டால் அந்த இரவைச் சொல்வான். இரண்டு பேருமே நஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். விற்றவனும் வாங்கியவனும் ஜெயித்த பேரம் இந்த லீக்கில் அபூர்வம்.

தோற்றும் பிழைத்தவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ 2021-ல் மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி ட்ரே லேன்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியது நான்கே ஆட்டம். கடைசியில் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டல்லாஸுக்குத் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தும் கப்பல் மூழ்கவில்லை. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வது இடத்தில் வந்த பிராக் பர்டி, அந்த அணியை 2024 பிப்ரவரி சூப்பர் பவுல் வரை கூட்டிப்போனார். அணியின் மற்ற பாகங்கள் பலமாக இருந்தன. லேன்ஸ் பேரம் தப்பு என்பதில் சான் பிரான்சிஸ்கோ ரசிகர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ஆனால் அதைச் சொல்லி யாரும் அழுவதில்லை. கரோலினாவில் அழுகிறார்கள்.

கையெழுத்து ஒருவர், கடன் இன்னொருவர்

இந்தப் பஞ்சாயத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று, விற்பவர் யார் என்பது. கரோலினாவின் பேரத்தை முடித்த பொது மேலாளர் ஸ்காட் ஃபிட்டரர், 2024 ஜனவரி 8-ம் தேதி நீக்கப்பட்டார். பயிற்சியாளர் அதற்கும் முன்பே போயாகிவிட்டது. 2024 ஏப்ரலில் கரோலினாவின் முதல் பிக்கை வைத்து சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தபோது, அந்த பிக்கை விற்ற பொது மேலாளரோ, அந்தப் பருவத்தைத் தொடங்கிய பயிற்சியாளரோ கரோலினா அலுவலகத்தில் இல்லை.

இது தற்செயல் அல்ல. இந்த லீக்கில் பொது மேலாளரின் நாற்காலி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். இந்தப் பருவம் ஜெயிக்காவிட்டால் வேலை போகும் என்று பயப்படும் மனிதருக்கு, 2025-ன் இரண்டாம் சுற்று பிக் என்பது யாருக்கோ சொந்தமான பொருள். ஜெயித்தால் பெயர் அவருக்கு. தோற்றால் கடன் அடுத்து வருபவருக்கு. ஆண்டுக்கு நூறு சதவீத வட்டிக்குக் கடன் வாங்க மனிதர்கள் துணிவது ஏன் என்று கேட்டால், கட்டப்போவது அவர்கள் இல்லை என்பதும் ஒரு பதில்.

பயிற்சியாளர் மாறுவார், மேலாளர் மாறுவார், வீரர் மாறுவார். உரிமையாளரும் விற்றுவிட்டுப் போகலாம். சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டி, மகனுக்கும் மகளுக்கும் அதே நிறச் சட்டையை வாங்கிப் போடும் ரசிகன்தான் 2023-லும் இருந்தான், 2025-லும் இருக்கிறான். விதைநெல் யாருடையது என்ற கேள்விக்கு உண்மையான உரிமைதாரர் அவன்தான். குதிரில் இருப்பதை விற்கும்போது அவனை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் இந்தப் பஞ்சாயத்து ஓய்வதில்லை. ‘வேலை வெட்டி இல்லாதவங்க’ என்று இந்த ரசிகர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் அணி நிர்வாகம் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் அவர்கள் தாமதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரசிகர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கொருமுறை புதிய தீர்ப்பு எழுதுகிறார்கள். 2024 தொடக்கத்தில் இந்தப் பேரம் சிகாகோவுக்குப் பெரும் கொள்ளை என்று எழுதப்பட்டது. அந்த ஆண்டே வில்லியம்ஸை வைத்துக்கொண்டு சிகாகோ 5-12 என்று முடித்தது. பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். கரோலினாவும் அதே 5-12. பிக்கைக் குவித்து வைத்த அணியும் விற்றுத் தீர்த்த அணியும் ஒரே கணக்கில் நின்றன. மூட்டை மூட்டையாக விதைநெல் இருந்தாலும் உழத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது சிகாகோவுக்கு அப்போது புரிந்தது. டெட்ராய்ட்டில் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்த பென் ஜான்சனைப் பயிற்சியாளராகக் கூட்டிவந்தார்கள். 2025-ல் சிகாகோ 11-6 என்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. கரோலினா கொடுத்த கடைசி பாக்கியான 2025 இரண்டாம் சுற்று பிக்கில் வந்தவர் லூதர் பர்டன் என்ற பந்துபிடிப்பாளர்.

2024-ல் இரண்டே ஆட்டத்தோடு பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிரைஸ் யங்கும் மீண்டு வந்தார். 2025-ல் கரோலினா 8-9 என்று முடித்தாலும், அதே கணக்கில் மூன்று அணிகள் நின்ற பிரிவில் முதலிடம் பெற்று பிளேஆஃபுக்குப் போனது. முதல் சுற்றில் 34-31 என்று போராடித் தோற்றது. அடுத்த சுற்றில் சிகாகோவும் கூடுதல் நேரத்தில் 20-17 என்று தோற்றது. இரண்டு அணிகளையும் வெளியே அனுப்பியது ஒரே அணி: ராம்ஸ். குவார்ட்டர்பேக், அதே ஸ்டாஃபர்ட்.

யங் ஒரு பருவம் நன்றாக ஆடினார் என்பதால் 2023 பேரம் சரியாகிவிடாது. சிகாகோ ஒரு பருவம் மோசமாக ஆடியதால் அது தப்பான பேரமும் ஆகாது. கையெழுத்திட்ட அன்று என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அந்த அளவுகோலில் ராம்ஸ் செய்தது நியாயமான துணிச்சல். ஹூஸ்டன் செய்தது பெரிய சூதாட்டம், சீட்டு நன்றாக விழுந்தது. கரோலினா செய்தது, தன்னையே தெரியாமல் தன் மேல் கட்டிய பந்தயம்.

இப்போது அட்லாண்டா

‘பிக்காவது மண்ணாங்கட்டியாவது’ என்ற ராம்ஸ், 2025 ஏப்ரலில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது. தங்கள் 26-வது பிக்கையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குக் கொடுத்து, 46-வது பிக்கோடும் ஒரு கடைசிச் சுற்று பிக்கோடும் அட்லாண்டாவின் 2026 முதல் சுற்று பிக்கையும் வாங்கிக்கொண்டார்கள். அட்லாண்டா அந்த இடத்தில் ஜேம்ஸ் பியர்ஸ் ஜூனியர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. அந்தப் பருவம் முழுக்க அட்லாண்டா ரசிகர்கள், ஒவ்வொரு தோல்விக்கும் ராம்ஸின் பிக் எத்தனை இடம் ஏறியது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

4-9 என்று கிடந்த அட்லாண்டா, கடைசி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தது. அதில் ஒன்று டிசம்பர் 29-ம் தேதி, ராம்ஸுக்கு எதிராகவே, 27-24. அன்றைக்கு மட்டும் ராம்ஸுக்கு இரண்டு தோல்வி. பருவம் முடிந்ததும் பேரத்தை முடித்த பொது மேலாளரும் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார்கள். பிக், 13-வது இடத்தில் போய் நின்றது. பஞ்சாயத்து அட்லாண்டாவில் இப்போதுதான் சூடு பிடிக்கிறது.